ஈ ஒட்டாத மஞ்சள் அட்டை

“உன் அட்டைய நம்பினேன் பாரு, என் புத்தியத்தான் செருப்பால அடிக்கணும்!”

அய்யாதுரை இப்படிக் கத்தியது மதுராந்தகம் பக்கத்து வயலில் அல்ல. அபிராமபுரத்தில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில். கையில் ஒரு கட்டு உளுந்துச் செடி, வேரும் மண்ணுமாகப் பிடுங்கியது. இலையெல்லாம் பழுத்த எலுமிச்சை நிறம். எதிரே முதல் மாடி இஃப்ரா. ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை.

“கத்தாதீங்க அண்ணே. நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க.”

“நீ சொன்னதக் கேட்டுத்தாம்மா இந்தக் கதி! ‘ஈ இல்லண்ணே, மருந்து வேணாம், ஒரு செடியும் புடுங்க வேணாம்’னு சொன்னியா இல்லியா?”

“சொன்னேன்.”

“இப்ப பாரு, காய் புடிச்சிருக்கான்னு பாரு. மாட்டுக்குப் போட்டா மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது!”

நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவர்கள் நடையை மறந்தார்கள். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முந்தின நாளே காய்ந்துவிட்ட துணிதான். கை சும்மா இருப்பானேன் என்று.

இஃப்ரா பயிர்களுக்கு வரும் வைரஸ்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். உளுந்துக்கு மஞ்சள் தேமல் என்று ஒரு நோய் வருமாம். வெள்ளை ஈ ஒரு செடியில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த செடிக்குத் தாவும்போது வைரஸையும் தூக்கிக்கொண்டு போகும். வயல் முழுக்க மஞ்சளான பிறகு கையைப் பிசைவதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை. அதற்கு முன்பே, செடி பச்சையாக இருக்கும்போதே கண்டுபிடித்தால், சீக்குப் பிடித்த சிலவற்றைப் பிடுங்கி, ஈயை அடக்கி, மிச்சத்தைக் காப்பாற்றலாம். அதற்காகத்தான் பசை தடவிய மஞ்சள் அட்டைகளை வயல்களில் குச்சி நட்டுக் கட்டியிருந்தாள். சனிக்கிழமைதோறும் காலையில் போய்ப் பார்ப்பாள். எந்த வயல் அட்டையில் வெள்ளை ஈ ஒட்டியிருக்கிறதோ அங்கே இலை பறித்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோவாள். ஊரில் உள்ள இலையையெல்லாம் பறித்துச் சோதிக்க யாரால் முடியும்? ஆகையால் அட்டை சொல்வதுதான் முதல் வார்த்தை.

அய்யாதுரை உழுதது கீழ்த்தளத்து விஜயலக்ஷ்மி மாமியின் நிலத்தை. விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்து, அந்தப் பருவத்து உழைப்பு முழுவதையும் அதில் போட்டிருந்தார். அந்த ஊரில் இஃப்ராவை முதலில் நம்பி வரப்பில் இறங்கவிட்டதும் அவர்தான். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் விட்டார்கள்.

“ஞாயித்துக்கிழமை ஊர்க் கூட்டம்,” என்றார் அய்யாதுரை. “உன் அட்டையெல்லாம் புடுங்கிக் கடாசப் போறாங்க. இனிமே எந்த வயல்லயும் நீ கால் வைக்க முடியாது. நானே சொல்லப் போறேன்.”

இஃப்ராவின் முகம் செத்துப் போயிற்று. ஒரு வயல் போனதற்கு அழுதிருந்தாள். இப்போது போகப்போவது எல்லா வயலும்.

“அட்டைல ஈ இல்லண்ணே,” என்றாள். “என் கண்ணால பாத்தேன். எப்படின்னு எனக்கே புரியல.”

அய்யாதுரை செடிக்கட்டைத் தரையில் வீசி அடித்தார். மண் சிதறியது. மாமி வீட்டுக் கதவு திறந்தது.

விஜயலக்ஷ்மி மாமி பாட்டு சொல்லிக்கொடுப்பவள். ஆனால் தெருவில் அவள் பேர் வாங்கியது சுத்தத்துக்கு. மாமி வீட்டுக் குழாய் குளித்துவிட்டுத்தான் தண்ணீரே விடும் என்று எங்களுக்குள் பேச்சு.

“அய்யாதுரை! இப்பத்தான் அலம்பி விட்டேன், மண்ணும் தழையுமாக் கொண்டுவந்து கொட்டறியே, நோக்கே நன்னாருக்கா?”

“உங்க நெலத்து மண்ணுதாம்மா.”

“இருக்கட்டுமே, அதுக்கு ஆத்து வாசலுக்கா வரணும்? உங்க ரெண்டு பேருக்குமே சுத்தம்னா என்னன்னு தெரியாது. அன்னிக்கு எனக்கு மாட்டுப்பொண்ணா வரப்போற அனன்யாவாத்துக்காரா நிலத்தைப் பாக்க வரான்னு மொத நாளே போய் நிக்கறேன், வயல் முழுக்கப் பூச்சி அப்பின அட்டை! குமட்டிண்டு வந்தது. நான் மட்டும் அதையெல்லாம் கழட்டிக் கடாசிட்டு, மோட்டார் ரூம்ல இருந்த புது அட்டைய மாட்டலேன்னா என் மானம் போயிருக்கும்!”

பெருமையாகத்தான் சொன்னாள்.

“எப்ப மாமி?” என்றாள் இஃப்ரா.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவா சனிக்கிழமை மத்தியானம்னா வந்தா.”

“பழைய அட்டைல என்ன ஒட்டியிருந்தது?”

“கோலமாவைத் தூவினாப்ல வெள்ளையாப் பொடிப் பொடியா. அத வேற பாத்துண்டு நிப்பாளா?”

இஃப்ரா அதுவரை யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்றைக்கு இரண்டாவது மாடிக்கும் சேர்த்துக் கேட்டது.

“அந்தக் கோலமாவுக்காகத்தான் நான் மாசக்கணக்கா பஸ் ஏறி எறங்கறேன்! அந்த ஒரு வாரம்தான் மாமி! அடுத்த சனிக்கிழமை அட்டை நெறைஞ்சு, இலைய டெஸ்ட் பண்ணா எல்லாம் பாசிட்டிவ். அதுக்குள்ள வயல் பூரா பரவிடுச்சு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு மூலையோட நின்னிருக்கும்!” சட்டென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “நான் ஒரு முட்டாள். தெறந்த வயல், அட்டைல ஒரு கொசுகூட இல்ல. எனக்கு அப்பவே ஒறைச்சிருக்கணும். சந்தோஷமா போட்டோ புடிச்சு ஊர் குரூப்ல போட்டேன்!”

அய்யாதுரை இப்போது மாமி பக்கம் திரும்பினார். “அன்னிக்கு வாடகை நாற்காலி எடுத்துக்கினு வா, சாமியானா சொல்லுன்னு என்னை டவுனுக்குத் துரத்தினியே. இதுக்குத்தானா?”

“மாப்பிள்ளையாத்துக்காரின்னா நாலும் பாக்கணும்டா!”

“எந்த நாலு? என் வாயில மண்ணப் போடறதும் அதுல ஒண்ணா?”

இந்த இடத்தில் குருபிரசாத் வந்தான். மாமியின் ஒரே பிள்ளை, கோட்டூர்புரத்தில் தனி ஃபிளாட். ஓட்டப்பயிற்சியை முடித்துக்கொண்டு அம்மா கையால் காபி குடிக்க வந்தவன். விஷயத்தைக் கேட்டதும் முதலில் நாங்கள் நிற்கிறோமா என்று பால்கனிகளைப் பார்த்தான். நின்றோம்.

“அம்மா, உள்ள போ. அய்யாதுரை, அப்புறம் பேசலாம். இஃப்ரா, ப்ளீஸ், மெதுவா.”

“மெதுவாவா? ஞாயித்துக்கிழமை உங்கம்மா அந்த ஊருக்கு வரணும். நான்தான் மாத்தினேன்னு அங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்.”

“நானா? அவா முன்னாடியா?” மாமி கதவைப் பிடித்துக்கொண்டாள். “கலியாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. டி.நகர் சம்பந்தியாத்து வரைக்கும் போயிடும் பேச்சு!”

“முகூர்த்தம் முடியட்டும் இஃப்ரா,” என்றான் குருபிரசாத், வங்கியில் கடன் கேட்டு வந்தவனைச் சமாளிக்கிற குரலில். “அப்புறம் நிதானமா அவாகிட்ட எக்ஸ்ப்ளெய்ன் பண்ணலாம். அனன்யாவாத்துக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்.”

“தெரிஞ்சாச்சு,” என்று ஒரு குரல் மாடிப்படியிலிருந்து வந்தது.

அனன்யாவேதான். இஃப்ராவின் அம்மா ஹாஜிரா பீ துணியில் ஆரி பூத்தையல் வேலை செய்கிறவர். லஸ்ஸிலிருந்து அடையாறு வரை கல்யாண ரவிக்கை என்றால் அவர் கைதான். அனன்யா தன் முகூர்த்த ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்து, சத்தம் கேட்டு, பாதிப் படியில் நின்றிருக்கிறாள். ஹாஜிரா பீ அவள் பின்னால், கழுத்தில் அளவு நாடாவோடு.

“அந்த மஞ்சள் அட்டையெல்லாம் பளிச்சுனு இருக்கே, அலங்காரத்துக்கான்னு அன்னிக்கு நான் கேட்டேன்,” என்றாள் அனன்யா. “ஆமாம்னு சிரிச்சேள் மாமி.”

அனன்யா மாமியை விட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

“குரு, ஞாயித்துக்கிழமை அம்மாவ அழைச்சுண்டு போறியா இல்லையா?”

“அனு, நீ இதுல வராத. முகூர்த்தம் முடிஞ்சதும்...”

“முகூர்த்தம் முடிஞ்சா அவர் உளுந்து காய்ச்சுடுமா?”

“ஒரு உளுந்து வயலுக்காக இவ்வளவு சீன் போடணுமா?”

“அது எனக்குக் காட்டறதுக்காகப் போன வயல்டா!”

ஹாஜிரா பீ நாடாவைச் சுருட்டினார். “அளவு இருக்கட்டும் மகளே. அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார். அவர் குரலில் இருந்த கோபம் நின்றிருந்த மற்ற எல்லோருடையதையும் விடக் குறைந்த சத்தத்தில் இருந்தது. மாமி அதற்குத்தான் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமி போகவில்லை, பிள்ளையும் போகவில்லை. அனன்யா இஃப்ராவோடு பஸ் ஏறிப் போனாள். கூட்டத்தில் அவர்கள் இருவருக்கும் மாலை மரியாதை நடந்ததாக நினைத்துவிட வேண்டாம். பணக்காரர் பெண் பார்த்த கூத்துக்கு எங்கள் பயிரா என்று அனன்யாவைக் கிழித்தார்களாம். வெறும் அட்டையைப் பார்த்து ஏமாந்த நீ என்ன படித்தாய் என்று இஃப்ராவை. இரண்டு பேரும் நின்று வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில், அட்டைகள் இருக்கட்டும், ஆனால் நிலத்துச் சொந்தக்காரர் யாரும் அதில் விரல் வைக்கக் கூடாது, அட்டை பார்க்கும்போது ஊர் ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. அய்யாதுரை மட்டும் கையைத் தூக்கவில்லை. ஊரே ஒப்புக்கொண்டாலும் போன பருவம் அவருடையதுதானே.

அவர் மாமியின் நிலத்தை விட்டுவிட்டு மனைவியின் ஊரான அச்சரப்பாக்கத்துக்கே குடிபோய்விட்டார். அங்கே வேறு நிலம் எடுத்து எள் போட்டிருக்கிறார்; இஃப்ரா போன் செய்தால் எடுப்பதில்லை. ஹாஜிரா பீ வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. முதல் மாடிக்கும் மாமிதான் சொந்தக்காரி, சொல்ல மறந்துவிட்டேன். அவர்கள் ராயப்பேட்டைக்குப் போனார்கள். இஃப்ரா மறு வருஷம் தல்ஹா என்று ஒரு கல்லூரி ஆசிரியரைக் கட்டிக்கொண்டு செங்கல்பட்டில் இருக்கிறாள், வயல்களுக்குப் பக்கமாக. அனன்யாவோடு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோய், குருபிரசாத்துக்கு அடையாறில் வேறு பெண் கிடைத்தது. அந்தக் கல்யாணத்துக்கு எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் பத்திரிகை வந்தது, எனக்குத் தவிர. அனன்யா பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய், கூட வேலை பார்த்த ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அந்தக் கல்யாணத்துக்கு முன்னால் யாரும் போய் நிலம் பார்க்கவில்லையாம்.