எல்லை தாண்டாத பிள்ளை

டிராம் சுவிஸ் எல்லை நகரான பாசலைக் கடந்து ஜெர்மன் பக்கம் போனதும் வேணுகாவின் ஆறு மாத வயிறு காணாமல் போனது. வலியில்லை, இரத்தமில்லை. திரிம்பாக் ஊரிலிருந்து சனிக்கிழமைகளில் மலிவு இறைச்சிக்கு எல்லை தாண்டுகிற குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. அன்றைக்குக் கனடாவுக்குக் குடிபெயரும் பயணத்துக்குப் பெரிய சூட்கேசும் வாங்க இருந்தார்கள். சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்த மூத்தவள் ஹரிஷா, "அம்மா, பபா எங்க?" என்று கேட்டாள். கணவன் கோபிசன் அடுத்த டிராமிலேயே எல்லாரையும் திருப்பி ஏற்றினான். சுவிஸ் பக்கம் வந்ததும் வயிறு பழையபடி இருந்தது, உள்ளிருந்து ஒரு உதையும் விழுந்தது. சூட்கேஸ் வாங்கவில்லை.

அதுவரை வேணுகாவுக்கு இருந்தவை எந்தத் தாய்க்கும் வரக்கூடிய கவலைகள்தான். சின்னவன் ஜதுஷன் விமானம் முழுக்கக் கத்தி மானத்தை வாங்குவானோ, போன இடத்தில் எந்த டாக்டர் பார்ப்பார், தான் பிரசவத்துக்குப் படுத்தால் இந்த இரண்டையும் யார் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுப்பது. இப்போது அவையெல்லாம் வேலையற்ற கவலைகளாகிவிட்டன. ஜெனீவாவுக்கு அப்பால் பிரான்ஸ் பக்கமும் போய்ப் பார்த்தார்கள், அங்கேயும் அதே கதை. பிள்ளை நல்ல சுகம், வெளிநாடு மட்டும் போக வேண்டாம் என்றாள் மருத்துவத் தாதி. கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டுச் செருப்பு மாட்டும்போது பாலேந்திரன் அண்ணை, "பிறக்க முதலே சுவிசில நிரந்தரமா இருக்கிற சி பெர்மிட் எடுத்திட்டான், கெட்டிக்காரன்!" என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வேணுகாவும் சிரித்தாள், பாவம்.

கோபிசன் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து எடுத்த கனடா விசா ஓகஸ்டோடு முடிகிறது. "பிளேனில வயிறில்லாமல் இருந்தா உனக்குச் சுகம்தானே. பிள்ளை பிறகு தானா வரும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டான். பயத்தில் வந்த பேச்சுத்தான், ஆனால் சொன்னது சொன்னதுதானே. அவள் சண்டை போடவில்லை. தான் அந்தப் பக்கம் நிற்கும்போது பிள்ளை எங்கே இருக்கிறது என்பதுதான் அவளை அரித்தது. பக்கத்து வீட்டு மேர்சியைக் கூட்டிப்போய் எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு, அந்தப் பக்கம் கொஞ்சத் தூரம் நடந்து திரும்பினாள். மேர்சியின் கண் சிவந்திருந்தது. "ஒருத்தரும் இல்லையடி, ஆனா ஒரு குழந்தை அழுதது. நீ வருமட்டும் விடாமல் அழுதது. எந்தப் பக்கம் கையை நீட்டுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

ஓகஸ்டில் கோபிசன் இரண்டு பிள்ளைகளையும் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பிரசவம் முடிந்ததும் அவன் அங்கிருந்து ஸ்பொன்சர் செய்ய, வேணுகா குழந்தையோடு போய்ச் சேருவதாக ஏற்பாடு. பிறந்தவனுக்கு ஜெனுசன் என்று பெயர் வைத்து, போர்வையில் சுற்றி எல்லை தாண்டிப் பார்த்தாள். கையில் போர்வை மட்டும் மிஞ்சியது. அலறிக்கொண்டு திரும்பி ஓடி வந்தபோது போர்வைக்குள் அவன் அழுது நனைந்த முகத்தோடு கிடந்தான். பிறகு அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஆறு மாதம் வெளியே இருந்ததில், போன மூன்று பேரின் சுவிஸ் பெர்மிட்டும் செத்தது. கோபிசன் திரும்பி வந்தாலும் இங்கே அவனுக்குச் செய்ய ஒரு வேலையில்லை. "வாற வருஷம் பாப்பம்" என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் போயின. வேணுகா பக்கத்து ஓல்டன் நகரில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை எடுத்தாள். ஜதுஷனுக்குத் தமிழ் தேய்ந்து, போனில் கையசைப்பதோடு நிறுத்திக்கொண்டான். வகுப்புப் பிள்ளைகளை ஜெர்மனிக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் நாளில் ஜெனுசனை அடுத்த வகுப்பில் இருத்திவிட்டுப் போவார் ஆசிரியர். அதில் யாரும் புதினம் காண்பதில்லை.

போன கோடை விடுமுறைக்கு மூத்தவர்கள் இருவரும் வந்தார்கள். திரும்பிப் போகும் நாள் காலையில் ஹரிஷாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள் வேணுகா. பிள்ளை அவள் தோளுயரம் வளர்ந்துவிட்டாள்.

"அம்மா, நானும் காணாமல் போயிருந்தா என்னோடையும் நிண்டிருப்பியளோ?"

"ஓமம்மா" என்றாள் வேணுகா. பின்னலை முடித்து விட்டாள்.

மத்தியான விமானத்தில் ஜன்னலோரம் இருந்த ஹரிஷா, பெல்ட்டைப் போட்டதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். விமானம் எல்லையைத் தாண்டியது. சீட்டில் ஹரிஷா அப்படியே இருந்தாள்.