வேகாத சேம்பிலை

சேலாவின் கோப்பில் ஒரு தோல்விகூட இல்லை. சமையல் ஆசிரியை லோசாவுக்கு அதுதான் தலைவலி.

சமோவாக் குடும்பங்கள் நிறைய வாழும் மாங்கெரேயில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில் ஓவியம், வடிவமைப்பு, சமையல், கம்ப்யூட்டர் நான்கும் ஒரே துறை, ஒரே கட்டடம். எந்தப் பாடமானாலும் விதி ஒன்றுதான். மாணவர் ஒன்றைச் செய்ய வேண்டும். அது யாருக்காகவோ அவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். குறை கண்டு, திருத்தி, மறுபடி செய்ய வேண்டும். குறைந்தது மூன்று முயற்சி. கடைசியில் கைக்கு வரும் பொருளைவிட, வழியில் விழுந்து எழுந்ததற்குத்தான் மதிப்பெண் அதிகம்.

பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரமே நல்ல போஸ்டரை முடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து அதைவிட மோசமான மூன்று போஸ்டர்களைத் தயாரித்து முந்தைய முயற்சிகள் என்று கோப்பின் முன்பக்கங்களில் ஒட்டினார்கள். ஓவிய வகுப்பிலும் அதே கதை. ஆசிரியர்களுக்கும் தெரியும். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. கோப்பு நிரப்புவது என்று சொல்வார்கள்.

சேலாவுக்கு அது வரவில்லை. அவள் எடுத்துக்கொண்டது பாலுசாமி என்ற சமோவாப் பதார்த்தம். தேங்காய்ப் பாலையும் வெங்காயத்தையும் சேம்பிலைக்குள் வைத்துப் பொட்டலமாக மடித்து வேகவைப்பது. முதல் நாளே செய்துவிட்டாள். இலை வெண்ணெயாய்க் குழைந்து, பால் திரியாமல், உப்பு அளவாய். லோசா ஒரு கரண்டி வாயில் வைத்தாள், உடனே இன்னொரு கரண்டி எடுத்தாள். ஐந்து வாரம் கழித்தும் கோப்பில் அந்த ஒரு படம்தான் இருந்தது. அதற்குக் கீழே, "நன்றாக வந்தது."

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் லோசா அவளை நிறுத்தி வைத்தாள். இந்தப் பாடத்தில் ஆறு புள்ளி கிடைத்தால்தான் அடுத்த ஆண்டு சமையல் கல்லூரியில் இடம் என்பதைச் சொன்னாள். இரண்டாவது முயற்சி எங்கே, மூன்றாவது எங்கே என்று கேட்டாள். சரியாக வந்ததை எதற்குத் திருத்த வேண்டும் என்று சேலா கேட்டாள். திமிராக அல்ல, புரியாமல்தான் கேட்டாள்.

"ஒரு தடவை தப்பாப் போச்சுன்னு எழுதேன். எல்லாரும் அதத்தானே செய்யறாங்க."

"பொய் எழுதணுமா மிஸ்?"

லோசாவுக்குச் சுருக்கென்றது. இன்னும் பதினெட்டுக் கோப்புகள் மேசையில் கிடந்தன. துறைத் தலைவி மிஸஸ் ஹெவிட் காலையில்தான் வந்து, உங்கள் வகுப்பு மட்டும் ஏன் பின்தங்குகிறது என்று இனிமையாகக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"பொய் எழுத மாட்டேன்னா நிஜமாவே கெடுத்துட்டு வா," என்றாள்.

சேலா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை வந்து, ஞாயிறன்று கோவிலில் போதகருக்கும் சபைக்கும் மதியச் சாப்பாடு இருக்கிறது, கருத்துத் தாள் நாற்பது வேண்டும் என்றாள். மிஸ்ஸும் வரவேண்டும் என்று அம்மா சொன்னாள் என்றாள். லோசா தாளை எண்ணிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஒருவழியாகக் கோப்பு நிரம்புகிறது என்று நிம்மதிதான் பட்டாள்.

லோசாவும் சமோவாப் பெண்தான், தன் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். மகளின் பட்டமளிப்புப் படத்தை வேலையிடத்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே: தோற்கத் தெரிந்தவன்தான் கற்றுக்கொள்கிறான். சொன்னவர்கள் யாரும் நாலு டப்பா தேங்காய்ப் பாலை வீணாக்கிவிட்டு வீட்டுக்குப் போய் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் இல்லை. தோற்றுப் பார்க்கவும் வசதி வேண்டும். இதை அவள் அன்றைக்கே எழுந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டாள். இப்போது அதையே சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறாள்.

ஞாயிறன்று கோவிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் அவளைப் போதகருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த இடம் கிடைப்பது படிப்பால்தான். கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. சேலாவின் அம்மா லாங்கி சமையலறை வாசலில் நின்று தட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தச் சபையில் பன்னிரண்டு வருடமாகப் போதகரின் பாலுசாமி லாங்கி கையால்தான். இன்றைக்கு மகள் செய்திருக்கிறாள், பள்ளிக்கூடப் பரீட்சையாம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் வாயிலேயே லோசாவுக்குத் தெரிந்துவிட்டது. இலை பாதிதான் வெந்திருந்தது. விழுங்கியதும் தொண்டையில் நூறு ஊசி. வேகாத சேம்பிலை எப்படி அரிக்கும் என்று தெரியாத வீடு அந்தத் தெருவிலேயே கிடையாது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோவில் சாப்பாட்டை யாரும் குறை சொல்வதில்லை. போதகர் முன்னால் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒருவர் செருமினார். இன்னொருவர் தண்ணீர் கேட்டார். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் பெரிய உடம்புக்காரர் கண்ணில் நீர் கட்டிக்கொள்ள இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தார். போதகர் கழுத்தைத் தடவிக்கொண்டே, பிள்ளை கை அம்மா கைதான் என்றார். குரல் கரகரத்தது.

எதிர்ச் சுவரோரம் விசிறியுடன் நின்ற சேலா, லோசாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குச் சரியா என்று நோட்டை நீட்டுகிற பிள்ளையின் பார்வை அது. சொன்னதைச் செய்துவிட்டேன் மிஸ், இப்போது போதுமா.

லோசாவுக்குக் காது மடல் சுட்டது.

அப்போதுதான் லாங்கி சமையலறையில் மிச்சமிருந்ததை வாயில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். வெளியே வந்தாள். கையைத் துணியில் துடைத்தபடி போதகர் முன்னால் பாயில் உட்கார்ந்தாள். தலை குனிந்தே இருந்தது.

"ஐயா, இலை வேகல. அடுப்பு நேரத்தப் பிள்ளைக்கு நான்தான் சரியாச் சொல்லல. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கணும்."

"நல்லாத்தானே இருந்துச்சு, லாங்கி," என்றார் போதகர். இருமல் வந்துவிட்டது.

நாற்பது பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த மரியாதை லாங்கியை இன்னும் கொஞ்சம் குனிய வைத்தது. சேலாவின் விசிறி நின்றுவிட்டது. அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு லோசாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். நான்தான் சொன்னேன், பாடத்துக்காக. அவ்வளவுதான். லோசா தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள். பிறகு எல்லாரையும்போலக் கருத்துத் தாளை எடுத்தாள். சுவைக்கு ஐந்து, பதத்துக்கு ஐந்து என்று வட்டம் போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

நாற்பது தாளில் முப்பத்தொன்பதில் எல்லாமே ஐந்து. மிஞ்சிய ஒன்று லாங்கியுடையது. சமோவா மொழியில், அழுத்தி எழுதியிருந்தாள்: "இலை வேகவில்லை. தொண்டை அரிக்கிறது. என் பிள்ளைக்கு நேரம் சொல்லிக்கொடுக்காதது நான்."

மிஸஸ் ஹெவிட்டுக்கு அந்த மொழி தெரியாது. லோசாதான் படித்துச் சொன்னாள். அவருக்குக் கண் கலங்கியேவிட்டது. இத்தனை வருடத்தில் இப்படியொரு உண்மையான கருத்தை எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை என்றார். அந்த ஒரு தாளை வைத்து சேலா மூன்றாவது முயற்சியில் நேரத்தைக் கூட்டிச் சமைத்து, அதையும் எழுதியிருந்தாள். மிக உயர்ந்த தரம் கிடைத்தது. ஆறு புள்ளியும் வந்தது. அடுத்த மாதம் வட்டார ஆசிரியர் கூட்டத்தில் இந்தக் கோப்பைத் திரையில் காட்டலாம் என்றார் மிஸஸ் ஹெவிட். எல்லாரும் லோசாவிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும். சேலாவின் அம்மாவிடம் அனுமதிக் கையெழுத்து மட்டும் வாங்கி வந்துவிடுங்கள்.

ஆக, லோசா லாங்கியின் வீட்டுக்குப் போனது மனசாட்சி உறுத்தியதால் அல்ல. கையெழுத்துக்குப் போனாள்.

லாங்கி ஓட்டல் சலவைக்கூடத்தில் காலை வேலை முடித்து வந்திருந்தாள். சேலா இன்னும் பள்ளியில் இருந்தாள். டீச்சர் வீட்டுக்கு வந்ததில் லாங்கிக்குப் பதற்றம். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ வைத்தாள். தின்னக் கொடுக்க ஒன்றும் செய்யவில்லை என்று மன்னிப்புக் கேட்டாள். இரண்டு வாரமாக அடுப்புப் பக்கம் போனாலே கை பயப்படுகிறது என்றாள். கோவில் பெண்கள் வந்து, பன்னிரண்டு வருடம் உழைத்துவிட்டாய், கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள் என்று அன்பாகச் சொல்லி, போதகருக்கான இலையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்களாம்.

"அன்பாத்தான் சொன்னாங்க டீச்சர். அதான் தாங்கல," என்றாள். "இப்ப மொபைல்ல மணி வச்சுப் பாக்கறேன். அப்பவும் மூணு தடவை பிரிச்சுப் பாக்கறேன். சின்னப் பொண்ணுங்க மாதிரி."

லோசா கையிலிருந்த பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"ஆன்ட்டி, உங்க கை தப்பு பண்ணல."

"நீங்களும் போதகர் மாதிரியே பேசாதீங்க."

"சேலா வேணும்னேதான் சீக்கிரம் எடுத்தா. நான்தான் கெடுத்துட்டு வான்னு சொன்னேன். தப்பாப் போன முயற்சி ஒண்ணு இல்லாம மார்க் வராது. அதுக்காக."

லாங்கி டீயைக் கீழே வைத்தாள். புரிய நேரம் எடுத்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது.

"நான் பாய்ல உக்காந்தப்போ அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு?"

நீங்க போய் நீ வந்துவிட்டதை லோசா கவனித்தாள். அது நியாயம் என்றும் பட்டது.

"எனக்கும் தெரியும்."

"பக்கத்துல உக்காந்து தின்னுட்டிருந்த."

"ஆமா."

"அஞ்சு போட்டியா?"

லோசா ஆமென்று தலையசைத்தாள். லாங்கி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

"என் பொண்ணு பொய் எழுத மாட்டேன்னுதானே சொல்லியிருப்பா? அவள எனக்குத் தெரியும். பொய் எழுதாம இருக்க, நாப்பது பேருக்கு வேகாத இலை குடுத்திருக்கா. படிச்சவ நீ. ரெண்டுல எது பெரிய பொய்னு அவளுக்குச் சொல்லித்தர உனக்கு வாய் வரல."

ஞாயிறன்று வந்து சபை முன்னால் எழுந்து சொல்லிவிடுகிறேன் என்றாள் லோசா. லாங்கி கையை வீசி மறுத்தாள். அங்கே சொன்னால், போதகருக்குத் தெரிந்தே கெட்டதைக் கொடுத்தவள் என்று பிள்ளை பேர்தான் கெடும். என் கை கெட்டது என்றே அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்றாள். பிறகு, அந்தப் பேப்பரைக் கொடு என்றாள்.

லோசா கோப்பைத் திறந்து அவளுடைய தாளை எடுத்துக் கொடுத்தாள். லாங்கி கடைசி வரியைக் கோடு போட்டு அடித்தாள். அதன் கீழே புதிதாக இரண்டு வரி எழுதினாள். பேனாவோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதக் காட்டு உன் பெரிய டீச்சருக்கு. கோவிலுக்கு வேணாம். பேர் வாங்கற எடத்துல காட்டு."

"இதக் காட்டினா சேலா மார்க் போகலாம் ஆன்ட்டி. மறுபடி ஒரு தடவை செஞ்சு காட்ட விடுவாங்க, ஆனா உறுதி இல்ல."

"போகட்டும். சமைக்கத் தெரிஞ்சவ மறுபடி சமைப்பா." லாங்கி எழுந்து டீக் கோப்பைகளை எடுத்தாள். லோசாவின் கோப்பை நிறைந்தே இருந்தது. குடித்துவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. சமோவா வீட்டில் அப்படிச் சொல்லாமல் விட்டதை லோசா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மறுநாள் காலை மிஸஸ் ஹெவிட் கோப்பை ஆசையோடு புரட்டினார். அனுமதிப் படிவம் காலியாக இருந்ததை முதலில் பார்த்தார். பிறகு அந்தத் தாள்.

"இங்க ஏதோ அடிச்சு எழுதியிருக்காங்களே. என்ன சொல்றாங்க? நன்றியா?"

சரி என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் வேறு யாரும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பக்கத்து வகுப்பில் யாரோ ஒரு நல்ல போஸ்டரைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். லோசா தாளை வாங்கிக்கொண்டாள். தனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில், ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் படித்தாள்.

"'இலை வேகாதது என் குற்றமும் இல்லை, என் பெண்ணின் குற்றமும் இல்லை. கெடுத்துவிட்டு வா என்று டீச்சர் சொன்னார், அவள் கீழ்ப்படிந்தாள்.'"

மிஸஸ் ஹெவிட்டின் புன்னகை இறங்கப் பாதை தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"எந்த டீச்சர்?" என்றார்.

"நான்தான்," என்றாள் லோசா. சேலா மறுபடி சமைத்துக் காட்ட ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்கத்தான் ராத்திரி முழுக்க வாக்கியம் சேர்த்து வைத்திருந்தாள். பாதிதான் வந்தது.

மிஸஸ் ஹெவிட் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.