செருப்பணிந்த பறவை

பென்சில் சீவிய சுருளே இறகு. பழைய அட்டைப்பெட்டியே உடல். மாவைக் காய்ச்சியதே பசை. என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் காசு செலவில்லாமல் வகுப்பறைச் சுவர் முழுதும் பறவைகளைப் பறக்கவிட்டிருந்தார்கள்.

பெற்றோர் வரும் நாளன்று காலையில் கதவைத் திறந்தேன். சுவரில் கடையில் வாங்கிய நெகிழிக் கிளிகள், ஒன்றுபோலவே எல்லாம், பளபளத்தன. பிள்ளைகளின் பறவைகள் மாடிப்படிக்குக் கீழே குப்பைச் சாக்கில் கிடந்தன.

தலைமையாசிரியையின் அறைக்கு விரைந்தேன்.

"மேடம், யார் இப்படிச் செஞ்சது?"

"நான்தான். குப்பையில செஞ்சது குப்பைக்குத்தானேம்மா போகணும்? வர்றவங்க கண்ணுக்கு லட்சணமா இருக்க வேண்டாமா? பிள்ளைங்க கிளி பக்கத்துல நின்னு 'நான் செஞ்சது'ன்னு சொல்லட்டும், போதும்."

"இந்த வயசுல பொய் சொல்லக் கத்துக் குடுக்கணுமா?"

"ஒரு கிளிக்கு இவ்ளோ பெரிய பேச்சா? போம்மா, போய் நாற்காலிய வரிசையாப் போடு."

இறகுக்கு இறகு வேறாய்ப் படைத்தவனை நாள்தோறும் கைகூப்பித் தொழுதுவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர் இவர்! அவன் தொழிலைப் பிஞ்சு விரல்கள் எட்டிப் பிடிக்க முயன்றால் அது குப்பை; அச்சில் வார்த்து உதிர்த்தது அழகு. என்ன நீதி இது!

வகுப்பில் ஒரு சிறுமி சுவரை வெறித்தபடி நின்றிருந்தாள். ஓயாத வாயாடி என்பதால் அவளுக்குக் குருவி என்று பெயர். இன்று அந்த வாய் அடைத்திருந்தது.

"டீச்சர், என் பறவை எங்க? அப்பா லீவு போட்டுட்டு அதைப் பாக்கத்தான் வர்றாங்க."

நான் பதில் சொல்வதற்குள் பெற்றோர் வந்துவிட்டார்கள். பேருந்து ஓட்டுநரான அவள் தந்தை சுவரை இப்புறமும் அப்புறமும் கண்களால் துழாவினார்.

"தங்கம், இதுல உன்னுது எதும்மா?"

தலைமையாசிரியை குனிந்து தேனொழுகச் சிரித்தார். "சொல்லு கண்ணு, இதுதானே?"

குருவி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தலையை இடவலமாக வேகமாக ஆட்டினாள். "இல்ல. இது கடையில வாங்கினது."

பிள்ளை வாய் திறந்தபின் நான் வாளாவிருப்பதா? சாக்கை இழுத்துவந்து மேசைமேல் கவிழ்த்தேன்.

"உங்க பிள்ளைங்க செஞ்சது இதெல்லாம். எது யாருதுன்னு நீங்களே பாருங்க."

ஓட்டுநரின் கை நேரே ஒன்றின்மேல் போய் விழுந்தது. "இதோ! கால்ல செருப்பு மாட்டியிருக்கு பாருங்க. வெறுங்காலோட வாசலுக்குப் போனாக்கூட என்னை அதட்டுறவ இவதான்!"

சிரிப்பு வெடித்தது. "இந்தத் தொப்பைப் பறவை எங்க வீட்டு வாலுதுதான், அப்படியே அவங்கப்பா!" என்று இன்னொரு தாய் கூவினாள்.

தலைமையாசிரியையின் குரல் இறங்கியது. "மாட்டச் சுவத்துல இடமில்லையேம்மா…"

"இடம் பண்ணிட்டாப் போச்சு மேடம்." ஓட்டுநர் பெஞ்சின்மேல் ஒரு காலை வைத்து, முதல் கிளியைப் பிடுங்கினார்.

"அப்பா!" என்று அதட்டினாள் குருவி. "செருப்போடயா பெஞ்சுல ஏறுவ? கழட்டுப்பா!"