எலி வண்டியில் ஒரு மூட்டை

"கோவளத்துக்குப் போலாம், கெளம்பு" என்று என் வீட்டுக்காரர் அமானுல்லா சொன்னபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அம்மா கோவளத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று ஆள் வந்து சொன்னதிலிருந்து இவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுப் பெண்கள் கோஷா, பஸ் ஏறக் கூடாது. திரை கட்டிய வண்டி வேண்டும். அந்தத் திரையைத்தான் இவர் கழற்றி எறிந்திருந்தாரே!

வண்டி இத்தாலி ஃபியட். எங்கள் ஊரில் அது ஒன்றுதான். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒரு மூட்டை, அவ்வளவுதான் இடம். அந்த நாட்டில் அதைச் சுண்டெலி என்பார்களாம். வாங்கின புதிதில் பச்சைத் துணியில் திரை தைத்துக் கொடுத்தேன். பின்னால் பாய் விரித்து ஒரே ஒரு தடவை அம்மா வீட்டுக்குப் போய்வந்தேன். அதற்குள் இவருக்குப் பந்தயப் பைத்தியம் பிடித்துவிட்டது. கடல் உள்வாங்கினால் கோவளத்து ஈர மணல் கெட்டிப்பட்டுவிடும். சாலமோன் என்கிற பட்டணத்துக்காரர் அங்கே தன் மாரிஸ் காரை ஓட்டுவார். அவரை ஜெயிக்க வண்டி லேசாக வேண்டுமாம். மெக்கானிக் ஏசுபாதமும் இவரும் திரையைக் கழற்றினார்கள், ஸ்டெப்னியைக் கழற்றினார்கள், பக்கத்து சீட்டையும் கழற்றினார்கள். ஒவ்வொன்று கழன்றபோதும் அம்மா இன்னும் கொஞ்சம் தூரமாகப் போனாள். அத்தனையும் செய்தும் தோற்றுவிட்டு வந்தார்.

"இன்னா பாய், பின்னால வெயிட்டே இல்ல. சக்கரம் சும்மா சுத்திகினு கீது" என்று ஏசுபாதம் சிரித்தது சமையற்கட்டு வரைக்கும் கேட்டது.

இப்போது வாசலில் வண்டி நின்றது. பச்சைத் திரை மறுபடியும் கட்டியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரைக்குள் ஒன்றும் தெரியாது. ஆனால் புறாக்களின் சத்தமும் கருவாட்டு வாடையும் சேர்ந்து வந்தால் அது அம்மா தெரு. வந்தது. வண்டி நிற்கவில்லை.

"இன்னாங்க, வூடு தாண்டிப் போவுது!"

"மொதல்ல பந்தயம். நீ பின்னால குந்திகினா சக்கரம் மணலைக் கவ்வும். நான் சொல்ற பக்கம் சாஞ்சு குடு. மணல் மூட்டை வச்சா அது சாயுமா?"

"பந்தயத்துல கூட ஆள் ஏத்தக் கூடாதுன்னு பேச்சாச்சே?"

"கோஷா வண்டித் திரைய எவன் தூக்கிப் பாப்பான்?"

பிறகு சாய்ந்தேன். "இந்தாண்ட!" என்றால் இந்தப் பக்கம், "அந்தாண்ட!" என்றால் அந்தப் பக்கம். தலை தகரத்தில் இடித்தது. அலை வண்டிக்கு அடியிலேயே அடிப்பது போல இருந்தது. ஜெயித்துவிட்டோம். வெளியே ஒரே விசில், கைதட்டல். ஆம்பிளைகள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தே, மூச்சு வுடாத" என்று முணுமுணுத்துவிட்டு இவர் இறங்கினார்.

"எலிக்கு இவ்ளோ தெம்பா! இன்னொரு வாட்டி வுடலாமா பாய்?" என்றார் சாலமோன்.

"வுடலாமே! இன்னா இப்போ!"

அப்போது அம்மா தெரு வலைக்காரர் கருப்பனின் குரல் கேட்டது. "அண்ணாத்த, ஒங்க மாமியாரு காலீலேர்ந்து பேச்சு மூச்சில்லாம கீறாங்க. கண்ணு மட்டும் வாசப்பக்கமே கீது. பொண்ணை இட்டாரலியா?"



"அவ செங்கல்பட்டுல கீறா" என்றார் இவர். "அடுத்த வாரம் இட்டாறேன்."

 என் கை திரையைத் தாண்டி வெளியே போயிருந்தது. கதவின் கைப்பிடியைத் தேடித் தடவினேன். கண்ணாடி வளையல்கள் தகரத்தில் பட்டுக் கலகலவென்று ஒலித்தன. அத்தனை பேச்சும் ஒரேயடியாக நின்றது. கையில் வெயில் சுட்டது.