சுண்டு விரலுக்கு மட்டும் வராத நோய்

அதிகாலை நாலரைக்கெல்லாம் ஆவிக்கலத்திலிருந்து சூரை மீன் தட்டுகள் வெளியே வந்துவிடும். தொட்டால் சுடும். ஆறட்டும் என்று விடப் பெல்ட்டுக்குப் பொறுமை கிடையாது. நாற்பது பெண்கள், நாற்பது குட்டைக் கத்திகள். தோலை வழித்து, முள்ளை உருவி, கறுத்த சதையைச் சுரண்டி எறிய வேண்டும். நிமிடத்துக்கு முப்பது தடவை மணிக்கட்டு மடங்கும். பிலிப்பைன்ஸின் ஜெனரல் சாந்தோஸ் துறைமுகத்திலிருந்து கப்பலேறும் டப்பா மீன் முழுக்க இப்படிப்பட்ட மணிக்கட்டுகளின் வழியாகத்தான் போகிறது.

அன்று அடெல்ஃபா அக்காவின் கத்தி மூன்றாவது முறையாகக் கீழே விழுந்தது. சூப்பர்வைசர் அவரை என்னிடம் அனுப்பினான்.

நான் எல்மார். ஆலையின் பிசியோதெரபிஸ்ட். படித்து முடித்து எட்டு மாதம்தான். உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில் ஒரு கட்டில், ஒரு மேசை, அவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

அக்காவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலடிச் சதைமேடு குழி விழுந்திருந்தது. நரம்பு நாள்பட நசுங்கினால்தான் இப்படித் தேயும். போன மாதம் வந்தபோதே இதைப் பார்த்திருக்க வேண்டும். அன்று அவசரம். “என்னக்கா பண்ணுது?” என்று கேட்டேன். “பாஸ்மா தம்பி” என்றார். அதையே படிவத்தில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வேலை செய்து சூடான கையில் தண்ணீர் பட்டால் நரம்பு கெட்டு, கை நடுங்கி மரத்துப்போகும். அதைத்தான் எங்கள் ஊரில் பாஸ்மா என்று நம்புகிறார்கள். என் அம்மாகூட இஸ்திரி போட்ட கையைக் கழுவ மாட்டாள்.

மேனேஜர் எவரிஸ்தோவிடம் ஓடினேன்.

“சார், அடெல்ஃபா அக்காவுக்கு வேலையால வந்த நோய். நரம்பு நசுங்குது.”

அவர் என் படிவத்தையே எடுத்து நீட்டினார். “பாஸ்மான்னு நீதான எழுதியிருக்க? வீட்டுல போய் பச்சைத் தண்ணியில துணி துவைக்கிறா. அதுக்கு ஆலை என்ன பண்ணும்? சனிக்கிழமையோட அவள வேலைய விட்டு நிறுத்திடலாம். கீழ கையெழுத்த மட்டும் போடு.”

“அது அவங்க சொன்னது சார். நான் கண்டுபிடிச்சது இல்ல.”

“எழுதுன கை யாரோடது?”

படிவத்தில் கையெழுத்துக்கான இடத்தைத் தட்டிக் காட்டினார். “மதியத்துக்குள்ள போடு” என்றார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் கேண்டீனுக்குப் போனேன். சோறும், வினிகரில் தொட்ட கருவாடும். என் படிவத்தைக் காட்டி அக்காவை நிறுத்தப் போவதை எல்லார் முன்னாலும் சொன்னேன். அடெல்ஃபா அக்கா தட்டைத் தள்ளி வைத்தார்.

“நான் சொன்னதத்தான எழுதுன? பாஸ்மாதான் தம்பி. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு.”

“உங்கம்மா எங்க வேலை பார்த்தாங்க?”

அக்கா என்னையே பார்த்தார். “மீன் ஆலையில.”

தட்டுகளுக்கு நம்பர் போடும் நீல மார்க்கரை நீட்டினேன். “உங்க கையில மரத்துப் போற இடம் வரைக்கும் ஒரு கோடு போடுங்க.”

இடது கையால் கோணல்மாணலாகப் போட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மோதிர விரலில் நின்றார். நகத்தால் கீறிக் கீறிப் பார்த்துவிட்டு, விரலின் நட்டநடுவே கோட்டை இறக்கினார். “இந்தப் பாதி மரக்கட்டை. அந்தப் பாதி நல்லாருக்கு.”

“சுண்டு விரல்?”

“அதுக்கு ஒண்ணுமே இல்லையே!”

பக்கத்திலிருந்த கிறிசாந்தா சிரித்தாள். “விரலப் பாதியா பங்கு போட்டா நோய் வரும்? குடு இங்க.” தன் கையில் போட்டாள். அதே கோடு. சிரிப்பு நின்றுவிட்டது.

“மணிக்கட்டுக்குள்ள ஒரு குறுகலான வழி இருக்கு. ஒன்பது தசைநாணும் ஒரு நரம்பும் ஜீப்னி வண்டிக்குள்ள நெருக்கியடிச்சு உக்காந்த மாதிரி இருக்கும். மடக்கி மடக்கி வெட்டுனா நாண் வீங்கும், நரம்பு நசுங்கும். அந்த நரம்போட ஆட்சி மோதிர விரல்ல பாதியோட முடிஞ்சிரும். சுண்டு விரலுக்கு வேற நரம்பு, வேற வழி.”

“அப்ப தண்ணி பட்டு வந்துச்சுன்னா, சுண்டு விரல மட்டும் குடைக்குள்ளயா வெச்சிருந்தோம்?” என்றாள் கிறிசாந்தா.

மார்க்கர் கை மாறிக்கொண்டே போனது. இருபத்தாறு பேரின் கையில் ஒரே கோடு.

“இப்ப என்ன பண்ணணும்?” யாரோ கேட்டார்கள்.

“மணிக்கட்டு மடங்காம ராத்திரி பட்டி கட்டணும். நரம்ப நெகிழ்த்துற பயிற்சி சொல்லித் தர்றேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வேலைய மாத்திக் குடுக்கணும். அக்காவுக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்.”

மணி அடித்தது. யாரும் எழவில்லை. எவரிஸ்தோ படிவத்தோடு வந்து நின்றார்.

“என்ன இது, திருவிழாவா?”

அடெல்ஃபா அக்கா எழுந்தார். “வேலையில வந்த நோய்னு எழுதணும் சார். வைத்தியம் ஆலை பார்க்கணும். வேலைய மாத்திக் குடுக்கணும். யாரையும் நிறுத்தக் கூடாது.”

“மார்க்கர்ல கிறுக்குனா நோயாயிடுமா? போய்க் கையக் கழுவிட்டு வேலையப் பாருங்க!”

“ஐயையோ, உழைச்ச கையக் கழுவச் சொல்றாரே!” கிறிசாந்தா நெஞ்சில் கை வைத்தாள். “பாஸ்மா வந்துருமே சார்!”

கேண்டீன் வெடித்துச் சிரித்தது. எவரிஸ்தோ என் பக்கம் திரும்பினார். “கையெழுத்துப் போடு. இல்லன்னா உன் கட்டிலும் நாளைக்குக் காலி.”

படிவத்தை வாங்கினேன். பழைய எழுத்தின் கீழே எழுதினேன்: ‘மணிக்கட்டில் நரம்பு நசுக்கம். காரணம், இந்த ஆலையின் வேலை.’ கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது. அது பாஸ்மா இல்லை, பயம்.

அடெல்ஃபா அக்கா பேனாவைக் கேட்டார். கட்டைவிரல் பிடி நிற்காமல் அது நழுவியது. கிறிசாந்தா தன் விரல்களை அவர் விரல்கள்மேல் சுற்றிக்கொண்டாள். இரண்டு கைகளுமாக என் கையெழுத்தின் கீழே அக்காவின் பெயரை எழுதின. அடுத்த பெயருக்கு வரிசை நின்றது.

எவரிஸ்தோ போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்தப் பக்கம் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. வெட்ட ஆளில்லாத மீன் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து விழுந்தது.

ஆவிக்கலத்து ஆட்கள் இருவர் வாசலில் நின்று பார்த்தார்கள். பிறகு உள்ளே வந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

“எங்களுக்குத் தோள்பட்டை தம்பி. தட்டு தூக்கித் தூக்கிக் கை மேல ஏற மாட்டேங்குது. அதுக்கும் கோடு இருக்கா?”

“இருக்குண்ணே. சட்டையக் கழட்டிட்டு உட்காருங்க.”