வசனத்தில் இல்லாதது

தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகள் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். அந்த மாதம் மட்டும் அங்கே வேலை பார்க்கும் அம்மாவும் அப்பாவும் பகலில் வீட்டில் இருப்பார்கள். எனக்கு அச்சாபீஸில் ராத்திரி ஷிப்டு. கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைத்த வேலை. காலையில் வந்து படுத்தால் அவர்கள் இருவரும் சண்டை போடுவது தூக்கத்தில் கேட்கும். இப்போது திருப்பூரில் தனி அறை. சத்தமே இல்லை. அந்தத் தூக்கமும் இல்லை.

அப்படியொரு மாதத்தில்தான் பக்கத்துத் தெரு செழியன் போனில் குறும்படம் எடுக்க வந்தான். கல்யாண வீடியோ எடுக்கிறவன். மகன் வேறு சாதிப் பெண்ணைக் காதலிப்பதாக வீட்டில் சொல்வான், அப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போவார், அம்மா சிரிக்க வைப்பாள். கதை அவ்வளவுதான். நடிக்க எங்கள் மூவரையும் பிடித்தான். அம்மா அடுப்படியில் நின்று வசனத்தை மனப்பாடம் செய்தாள். அப்பா மட்டும், "நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குட்டத்துக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. முத்துப்பேச்சி அத்தை ஏற்பாடு. அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். நேராகச் சொல்லத் தைரியமில்லை. படத்தில் சொல்லிவிடலாம், விபரீதமானால் நடிப்பு என்று தப்பிக்கலாம் என நினைத்தேன்.

செழியன் கையைக் காட்டினான். எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டேன்.

"அம்மா, எனக்குப் பொண்ணு பாக்காத. எனக்குப் பொம்பளப் பிள்ளைகளப் பிடிக்காது. ஆம்பளையத்தான் பிடிக்கும்."

அம்மா கண் இமைக்காமல் சொன்னாள். "எந்தச் சாதியா இருந்தா என்னலே, கறிக்குழம்பு வைக்கத் தெரியுமா அவளுக்கு?"

செழியன் குலுங்கிச் சிரித்தான். அப்பா அசையவில்லை.

"மாமா, நீங்க கோவமா எந்திரிச்சுப் போகணும்" என்றான் செழியன்.

"இருலே."

செழியன் அம்மாவிடம் திரும்பினான். "அத்தே, அவன் வசனத்த மாத்திட்டான். கேக்கலயா?"

"கேட்டுச்சு. கம்பெனியில கலந்த வெடிமருந்த மிச்சம் வைக்காம அன்னைக்கே அடைச்சுத் தீத்துப்புடணும்லா. அதே பழக்கம். வாயில வச்சிருந்ததச் சொல்லித் தீத்துட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏலே பாண்டி, நீ சொன்னது படத்துக்கா?"

தப்பிக்க அப்போதும் இடம் இருந்தது.

"இல்லம்மா."

செழியன் போனை இறக்கினான். படம் அதோடு நின்றது. அந்தக் காட்சி மட்டும் என்னிடம் இருக்கிறது. வேலையில் மெஷின் நிற்கும்போது போட்டுப் பார்ப்பேன்.

"எம்புட்டு நாளா?" என்றார் அப்பா.

"பள்ளிக்கூடத்துல இருந்தே."

"அதான் கல்யாண வீட்டுக்குப் போனா பந்தியில மட்டும் உக்காந்துட்டு வந்திருக்கான்."

"நீங்க சும்மா இருங்க" என்ற அம்மா அழுதுவிட்டாள். அப்பா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். இருக்கன்குடிக் கோயிலுக்கு மொட்டை நேர்ந்தால் மாறுமா என்று அம்மா கேட்டாள். மாறாது என்றேன்.

"அப்ப முடியாவது இருக்கட்டும்" என்றாள்.

சாயங்காலம் அத்தைக்குப் போன் போட்டாள்.

"மதினி, ஞாயித்துக்கிழமை நாங்க வரல. அவனுக்குப் பொண்ணு வேண்டாம்."

அந்தப் பக்கம் அத்தை வெகுநேரம் பேசினாள்.

"கிறுக்கும் இல்ல, கோளாறும் இல்ல மதினி. எம் மகன் எங்கிட்டச் சொல்லிட்டான். ஒங்களுக்கும் தெரியணும்னா வாங்க, அவனே சொல்லுவான்."