சிட்டிபாபுவின் கிட்டாரில் ஏகாம்பரம் கண்ட குறை

பங்காருபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் 'மஞ்சள் லாரி'யைப் போல ஒரு பாட்டு கிடையாது என்று ஒத்துக்கொண்ட மறு நிமிடம், அந்தப் பாட்டு இல்லாமல் போனது. அது காட்பாடி பாசஞ்சர் என்ற ராக் குழுவின் பாட்டு. சித்தூர்க்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து, திருப்பதியிலிருந்து காட்பாடிக்குப் போகும் ரயிலின் பெயரையே வைத்துக்கொண்டு, அந்த ரயிலைப் போலவே எந்த மேடைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராமல், தமிழும் தெலுங்கும் கலந்து பாடிவந்தார்கள். பந்தியில் பாயசம் வரும்போது மண்டபத்து ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த 'மஞ்சள் லாரி' பாதியில் நின்றது. நாடா அறுந்திருக்கவில்லை. அவரவர் வீட்டுக்குப் போய்த் தங்கள் கேசட்டைப் போட்டுப் பார்த்தார்கள். முன்பாட்டு இருந்தது, பின்பாட்டு இருந்தது, நடுவில் ஒரு பாட்டின் நீளத்துக்கு வெறும் காற்று ஓடியது. மெட்டு ஒருவருக்கும் நினைவில்லை, அருமையான பாட்டு என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. எழுதிப் பாடிய உமாபதிக்கே முதல் வரி வரவில்லை. அன்றிலிருந்து கச்சேரிகளில் அந்தப் பாட்டின் முறை வரும்போது குழுவினர் நால்வரும் அவ்வளவு நேரமும் மேடையில் சும்மா நிற்கிறார்கள், ரசிகர்கள் கடைசியில் கைதட்டுகிறார்கள்.

இரண்டாவது பாட்டு போனதற்கு நாகையா காரணம். அவர் ரசிகர்களில் மூத்தவர், பங்காளிச் சண்டை முதல் வரப்புத் தகராறு வரை எதையும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவைப்பதில் பெயர் எடுத்தவர். ஒரு பாட்டில் உமாபதியின் வரிகள் உசத்தியா, சிட்டிபாபுவின் கிட்டார் உசத்தியா என்று இரண்டு கட்சியாக நின்றவர்களை அவர் ஒரு மாலையில் சமாதானம் செய்துவைத்தார். எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள், பாட்டு போய்விட்டது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. எந்தப் பாட்டைப் பற்றி எல்லா வாயும் ஒன்றையே சொல்கிறதோ, அந்தப் பாட்டு கிளம்பிவிடும். மனதில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை, வாயில் என்ன வருகிறது என்றுதான் பார்க்கும். நாகையாவை உடனே ரசிகர் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள். தலைவர் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது, தலையாட்டலாம் என்று விதியும் போட்டார்கள்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டீக்கடையில் கூட்டம் கூடிப் பாட்டுகளைப் பங்கு போட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் புகழ ஒருவர், குறை சொல்ல ஒருவர். புகழ ஆள் கிடைப்பது ஒரு காலத்திலும் கஷ்டமாக இருந்ததில்லை. குறைக்காரர் வேலைதான் மானம் கெட்ட வேலை. இருந்தாலும் ஒருவர் மாற்றி ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். 'டேம் கேட்டு' வந்தபோது மட்டும் ஒருவரும் கை தூக்கவில்லை. பிச்சாட்டூர் அணையில் மதகைத் திறந்துவிடும் நாளைப் பற்றி உமாபதி எழுதிய பாட்டு அது. 'கேட்டைத் தெறந்தா ஆத்துல தண்ணி, வூட்டைத் தெறந்தா யாரு வருவா' என்று அவர் கேட்டு நிறுத்துவார். பதில் வராது. அந்த இடத்தில் சிட்டிபாபுவின் கிட்டார் கொஞ்சம் தாமதமாக உள்ளே வரும். மூன்றாவது தந்தியை அவர் இழுத்துப் பிடித்து விடாமல் வைத்திருப்பார், கேட்பவனுக்குத் தன் வீட்டு வாசலில் யாரோ வந்து நிற்பதுபோல இருக்கும். அதைக் குறை சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை, எல்லா வாயிலும் புகழ்தான் வந்தது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடை டேப் ரெக்கார்டரில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டின் டிரம் தேய்ந்துபோக ஆரம்பித்தது.

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் எழுந்தான். பிச்சாட்டூர்ப் பக்கத்துக் கிராமத்தான், அணைக்குக் கீழே கூலி வேலை செய்து பிறகு கொஞ்சம் நிலம் பார்த்த குடும்பம். அவன் சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மதகைத் திறக்கும் நாளில் ஆற்றங்கரையில் ஓடிக்கொண்டே தண்ணீரின் முனையைத் துரத்தியவன். அந்தப் பாட்டு அவனுடைய ஆற்றின் பாட்டு. அந்த கிட்டாரை முதலில் கேட்ட அன்று திருப்பதி மைதானத்தில் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிச் சமாளித்தவனும் அவன்தான்.

"அந்த கிட்டாரு இன்னாத்துக்குய்யா?" என்றான். "பாட்டு நல்லா போய்க்கினு கீது, நடுவுல பூந்து கெடுக்குது. மூணாவது தந்தி வெயில்ல சுருதி எறங்கிப் போய்க் கீது, அதுகூடத் தெரியாம வாசிச்சுக்கினு கீறாரு. ஒரே இழுவை."

டிரம் திரும்ப வந்தது. கடைக்காரர் உட்பட எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்த பார்வையில் அவன் டீ ஆறிப்போனது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபகுமார் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். அரக்கோணம் பக்கத்திலிருந்து வேலைக்காகத் திருப்பதிக்கு வந்தவன், ஏகாம்பரத்துக்கு உயிர் சிநேகிதன், அந்தப் பாட்டைப் புகழும் பங்கு அவனுடையது.

"எறங்கின தந்திதான்டா அழுவுது," என்றான் ஜெபகுமார். "உனுக்குக் காது கீதா இல்லியா?"

அந்தச் சண்டை அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அது கணக்குக்கு நடந்த சண்டைதான், இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் ஒரே விஷயத்தை மாதாமாதம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவன் ஒருநாள் நம்பிவிடுகிறான். ஏகாம்பரம் நிஜமாகவே அந்த கிட்டாரை வெறுக்கிறான் என்று ஜெபகுமார் நம்பத் தொடங்கினான். இல்லையென்று சொல்ல ஏகாம்பரத்துக்கு வழியில்லை, சொன்னால் பாட்டு போய்விடும். இருவருக்கும் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய்ப் பாட்டெல்லாம் செல்போனுக்குள் குடியேறியது. தோத்தாபுரி மாங்காய்க்கு விலை ஏறியது, விழுந்தது, ஒரு வருஷம் விவசாயிகள் ரோட்டில் கொட்டினார்கள். ஏகாம்பரம் சூப்பர்வைசர் ஆனான். காட்பாடி பாசஞ்சர் நால்வருக்கும் தலை வெளுத்தது. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு பாட்டுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போக, பாட்டு பாதி கரைந்துவிட்டது. தலைவர் நாகையா பேசாமலே அந்தக் கட்டைவிரலுக்குத் தடை போட்டார். 'டேம் கேட்டு'க்கு மட்டும் இன்னொரு குறைக்காரர் கிடைக்கவே இல்லை. கேட்டுப் பார்த்த எல்லோரும், அது மட்டும் வேண்டாம் அண்ணா, பாவம் பிடிக்கும் என்றார்கள்.

குறைக்காரனாக இருப்பதற்கு ஏகாம்பரம் கொடுத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. கச்சேரியில் அவனைக் கண்டால் சிட்டிபாபு மூன்றாவது தந்தியை வேண்டுமென்றே ஒருமுறை முறுக்கிக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார், முகத்தையும் திருப்பிக்கொள்வார். ரசனை கெட்டவன் என்று ஊர் முழுக்கப் பெயர். கிட்டார் வரும் இடத்தில் தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, நாலு பேர் நடுவில் அந்தப் பாட்டை அவன் கேட்பதே இல்லை. ஃபேக்டரியில் கூழ் டிரம்களை அடுக்கிவைத்திருக்கும் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பான். அங்கேயும் வாயைத் திறந்து ஆஹா என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, குளிர் தாங்கவில்லை என்பான்.

போன கோடையில் ஜெபகுமாரின் மனைவி மோகனப்ரியா போன் செய்தாள். ஜெபகுமாருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அவன் நைனாவுக்கும் இதே வயதில் இப்படித்தான் ஆனதாம். வலது காது முழுக்க அடைத்துவிட்டது, இடது காதில் கொஞ்சம்தான் மிச்சம், மிஷின் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "அவுரு உங்களப் பாக்கணும்னு சொல்லிக்கினே கீறாரு அண்ணா, வாங்க," என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏகாம்பரம் திருப்பதி பஸ் ஏறினான். பாக்கெட்டில் எப்போதும்போல நான்கைந்து புதுக் குறைகளைத் தயார் செய்து வைத்திருந்தான்.

ஜெபகுமார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குரல் மட்டும் பெரிதாகிவிட்டிருந்தது. "டேய், இந்தக் காதுல இன்னும் கொஞ்ச நாளுக்குத்தான் சத்தம் வரும். கோயில் மணி கேட்டுட்டேன், பொண்ணு சிரிக்கறத கேட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு பாக்கி. அந்த கிட்டாரு நல்லா கீதுன்னு உன் வாயால ஒரு தபா சொல்லுடா. நீ சொல்லிக் கேட்டுட்டுப் போறேன்."

"சொன்னா பாட்டு போய்டும்டா," என்றான் ஏகாம்பரம், அவன் இடது காதருகே குனிந்து.

"தெரியும்."

ஏகாம்பரம் எழுந்து பால்கனிக்குப் போனான். எதிரே மலை வெயிலில் கிடந்தது, அடுத்த மாடியில் யாரோ புடவை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சொன்னால் அவனுடைய ஆறு போய்விடும். இத்தனை வருஷம் ஏச்சு வாங்கிக் காப்பாற்றியது ஒரு வார்த்தையில் போய்விடும். உமாபதிக்கும் சிட்டிபாபுவுக்கும் இன்னொரு பாட்டுக்குச் சும்மா நிற்கும் வேலை வந்துசேரும். சொல்லாவிட்டால், அந்தக் காதுக்குள் கடைசியாகப் போய்த் தங்குவது அவன் சொன்ன பொய்யாக இருக்கும். பாட்டை இன்னொரு பாட்டு ஈடுகட்டும், இவனை யார் ஈடுகட்டுவார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. உள்ளே வந்தான். மோகனப்ரியாவிடம் போனில் பாட்டைப் போடச் சொன்னான்.

உமாபதி கேட்டார், நிறுத்தினார். கிட்டார் தாமதமாக உள்ளே வந்தது. ஏகாம்பரம் குனிந்து, "நல்லா கீதுடா," என்றான். "மொத நாள்லேந்து நல்லா கீது. இத்தினி வருசமா பொய் சொல்லிக்கினு இருந்தேன். நான் கேட்டதுலயே இதாண்டா நல்ல வாசிப்பு." சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை.

ஜெபகுமார் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். கிட்டார் தேய்ந்து நின்றது. அதே நேரத்தில் சித்தூரில் ஒருவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சிட்டிபாபுவின் விரல் தந்திமேல் வழி தெரியாமல் நின்றது. ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்திக் காத்திருந்த உமாபதிக்கு வாயிலிருந்து ஏதோ நழுவிக் கீழே விழுந்ததுபோல இருந்தது, குனிந்துகூடத் தேடினார். ஜெபகுமார் தன் காதுதான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். சரி, இவ்வளவுதான் என்று கண்ணைத் திறந்தவன், மோகனப்ரியா போனைத் தட்டித் தட்டிப் பார்ப்பதையும் ஏகாம்பரம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டதையும் பார்த்தான். தெருவில் ஆட்டோ ஹாரன் மெலிதாகக் கேட்டது. போனது காது இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

மெட்டு அவனுக்கும் மறந்துவிட்டிருந்தது. எந்த இடத்தில் கிட்டார் வரும், எப்படி வரும், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் ஏகாம்பரம் சொன்ன குறைகள் ஒவ்வொன்றும் மனப்பாடமாக இருந்தன. முன்பு போன பாட்டுகளுக்கு அப்படி நினைவில் வைத்துக்கொள்ள ஒரு குறைகூட இருந்ததில்லை. நாற்காலியைவிட்டு எழுந்து தெருவே கேட்கும்படி கத்தினான்.

"கிட்டாராடா இது? பாட்டு நல்லா போய்க்கினு இருக்கும்போது நடுவுல பூந்து கெடுக்குது! லேட்டா வருது! மூணாவது தந்தி வெயில்ல எறங்கிக் கீது! ஒரே இழுவை!"

போனில் உமாபதி கேள்வியை நிறுத்தினார். கிட்டார் தாமதமாக உள்ளே வந்தது. ஜெபகுமார் இடது காதைப் போனோடு ஒட்டிக்கொண்டு, "மோசம், மோசம்," என்று முனகியபடி கடைசித் தந்தி அடங்கும்வரை அதைக் கேட்டான். ஏகாம்பரம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, அருமை, அருமை என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மோகனப்ரியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சோறு வடித்தாள்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்தக் காதும் அடைத்துவிட்டது. சங்கத்தில் அவர்கள் இருவரும் பங்கை மாற்றிக்கொள்ள நாகையா தலையாட்டினார். இந்த வருஷம் திருப்பதியில் காட்பாடி பாசஞ்சர் வாசித்த மாலையில் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். 'டேம் கேட்டு' வந்ததும் சிட்டிபாபு வழக்கம்போல மூன்றாவது தந்தியை முறுக்கினார். கிட்டார் தொடங்கிய இடத்தில் ஏகாம்பரம் எழுந்து நின்று விசிலடித்தான். சிட்டிபாபு அதை நம்பாமல் இன்னொரு முறை தந்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஜெபகுமார் அதிர்வைப் பிடிக்கக் கையை மேடைப் பலகைமேல் வைத்திருந்தான். தந்தியை இழுத்துப் பிடித்த அதே இடத்தில், ஒரு நொடி முன்னே பின்னே போகாமல், முகத்தைச் சுளித்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினான். "இழுவைடா," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனை முறைத்தார்கள். பாட்டு முழுசாக முடிந்தது.

அடுத்து 'மஞ்சள் லாரி'. நால்வரும் வாத்தியங்களைப் பிடித்தபடி சும்மா நின்றார்கள், மைதானம் முழுக்க எழுந்து சும்மா நின்றது. அந்த ஒரு பாட்டு ஜெபகுமாருக்கும் மற்ற எல்லோருக்கும் ஒரேமாதிரிக் கேட்டது. அது முடிந்த இடம் தெரிந்து முதலில் கைதட்டியவன் அவன்தான்.